கீழாநெல்லியின் வரலாறு

மஞ்சட்காமாலை என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் நாவில் வரும் மூலிகை கீழாநெல்லியே. வேலியோரத்திலும் வயல் வரப்பிலும் வீட்டுப் புழக்கடையிலும் மழைக்குப்பின் தானே முளைக்கும் இச்சிறு பூண்டை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பையும் எண்ணெயையும் விலக்கிவைப்பது நெடுங்காலமாக நம் நாட்டில் நடந்துவரும் வழக்கம். இப்பொழுது இப்பூண்டே பொடியாகவும் மாத்திரையாகவும் புட்டிகளில் அடைபட்டு, ஈரலுக்குப் பலம் தருவது என்னும் விளம்பரத்தோடு கடைகளில் விற்கப்படுகின்றது. வாங்கி உண்பவர் பலர். இதன் வரலாற்றை அறிந்தவர் சிலர். அவ்வரலாறு நமக்குப் பெருமையும் எச்சரிக்கையும் ஒருங்கே தருவதாதலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் கடுகுபோலச் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதாலும், அவை நெல்லிக்காயின் வடிவை ஒத்திருப்பதாலும் கீழ்க்காய் நெல்லி என்று பெயர் பெற்று, அதுவே வழக்கில் கீழாநெல்லி என மருவிற்று. வடமொழியாளர் பூம்யாமலகி, அதாவது நிலநெல்லி, என்பர். நம் முன்னோர் காயைக் கண்டு நெல்லி இனத்தோடு இதனைச் சேர்த்தனர்; ஐரோப்பியத் தாவர நூலாரும் பிற்காலத்தில் நெல்லி மரத்தையும் இப்பூண்டையும் பிலாந்தஸ் என்னும் ஒரே இனத்தில் அடக்கினர். கண்ணாற் கண்டு பெயரிட்டவர்களின் கூர்மையை இதனால் அறியலாம்.

இப்பெயர் ஐரோப்பாவில் அச்சேறிய விதம் சுவையானது. கொச்சியில் டச்சுக்காரருடைய ஆட்சித் தலைவராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் படத்தோடு விளக்கும் "ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்" என்னும் பெருநூலை லத்தீன் மொழியில் தொகுப்பித்தார். அது 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 பாகங்களாக வெளிவந்தது. அதன் பத்தாம் பாகத்தில் "கிர்கனெலி" என்ற பெயரோடு ஒரு பூண்டு காணப்படுகின்றது. மலையாளக் கீழார்நெல்லியே அயலார் நாவில் இவ்வாறு உருமாறியது. இந்நூலுக்குச் செடிகளின் பெயரையும் குணத்தையும் உரைத்தவர்களுள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். தம் குடும்பத்தில் வழிவழி வந்த ஏட்டுச்சுவடியின் துணைகொண்டே உரைத்ததாக அவர் 1675-இல் கோலெழுத்தில் எழுதிக்கொடுத்த சான்று அந்நூலின் முகப்பில் இடம்பெற்றிருக்கின்றது. ஒரு குடும்பத்தின் ஏட்டறிவு உலகறிவாக மாறுவதற்கு அதனை எழுதிவைத்த கையும் வேண்டும், அச்சிட்ட கையும் வேண்டும். நம் வீடுகளில் பரணிற் கிடந்து செல்லரித்த சுவடிகள் எத்தனை என்று எண்ணும்போது நெஞ்சு வருந்துகின்றது.

இனி ஒரு சிக்கல். 1753-இல் லின்னேயஸ் என்னும் தாவர நூலாசிரியர் இட்ட பிலாந்தஸ் நிரூரி என்ற பெயரையே இந்தியக் கீழாநெல்லிக்கும் பிற்காலத்து நூலார் இருநூறு ஆண்டு வழங்கிவந்தனர். 1957-இல் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்து, நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றும், நம் கீழாநெல்லி வேறென்றும் காட்டினார். இந்தியாவில் ஒரே பெயரில் வழங்கியவை உண்மையில் மூன்று வேறு செடிகள் என்பதை 1985-இல் மித்ரா, ஜெயின் என்னும் இந்திய அறிஞர் இருவர் விளக்கினர். அவற்றுள் முதன்மையானதற்குப் பிலாந்தஸ் அமாரஸ் என்று பெயர். அமாரஸ் என்பதற்கு லத்தீனில் கசப்பு என்பது பொருள். மென்று பார்த்தவர்க்குப் பெயர்க்காரணம் சொல்லவேண்டுவதில்லை. இவ்வமாரஸும் ஆதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரவிய களையே என்பது தாவர நூலார் பலருடைய கருத்து. அது மெய்யாயின், பழைய வடமொழி நூல்கள் கூறும் நிலநெல்லி இதன் இனத்தைச் சார்ந்த வேறொரு பூண்டாதல் வேண்டும். புழக்கடையிற் பிடுங்குபவர்க்கும் கடையில் புட்டி வாங்குபவர்க்கும் கைக்கு வருவது எச்செடி என்பது நிச்சயமன்று.

காமாலையின் இயல்பையும் அறிதல் வேண்டும். கண்ணும் தோலும் மஞ்சளித்தல் ஓர் அடையாளமேயன்றித் தனி நோயன்று. ஈரலைத் தாக்கும் கிருமிகள் பல. அவற்றை ஏ, பி, சி, டி, இ என எழுத்திட்டு வழங்குவர். பித்தநாளத்திற் கல் அடைத்தாலும், மதுவினால் ஈரல் கெட்டாலும் கண் மஞ்சளிக்கும். இவற்றுள் ஏ, இ என்னும் இரண்டும் அசுத்த நீரால் பரவுவன. 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் யமுனைக் குடிநீரோடு சாக்கடை கலந்தமையால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது இ வகை என்பது பல்லாண்டு கழித்தே துணியப்பட்டது. இவ்விருவகையும் பெரும்பாலார்க்குச் சில வாரங்களில் மருந்தின்றித் தாமே தணிந்துவிடும். பி வகை வந்த பெரியோருள்ளும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே அதனை வென்றுவிடுகின்றது. ஆகவே பத்து நாள் கீழாநெல்லி உண்டவர் குணமடைந்தால் அது மூலிகையின் செயலோ, இயற்கையின் செயலோ என்று வீட்டிலிருந்து துணிதல் இயலாது. மருந்துண்ணாத அயல்வீட்டுக்காரனும் அதே வாரத்தில் எழுந்து நடந்திருப்பான். அவனை யார் கணக்கிட்டார்?

அவ்வாறு கணக்கிட முற்பட்டோர் சென்னையிலேயே தோன்றினர். பி வகைக் கிருமியின் அடையாளத்தை இரத்தத்திற் கண்டறிந்து, அதற்காக 1976-இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க், பிலடெல்பியா நகரில் வேங்கடேஸ்வரன், மில்மன் என்பாரோடு சேர்ந்து கீழாநெல்லிச் சாற்றை ஆராய்ந்தார். அச்சாறு அக்கிருமி பெருகுதற்கு வேண்டிய நொதியைத் தடுக்கின்றது என்று 1987-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தியாகராஜனும் தோழரும் பிளம்பர்க் குழுவினரோடு கூடி, லான்செட் என்னும் லண்டன் வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தனர். பி கிருமியை நீங்காது சுமந்திருப்போர்க்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேருள் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. உலகம் வியந்தது. நம்மவர் மகிழ்ச்சிக்குக் கேட்பானேன்!

ஆனால் கட்டுரையாளர் தம் ஆய்வைத் தொடக்கநிலை ஆய்வு என்றே கூறியிருந்தனர். தாய்லாந்திலும் நியூஸிலாந்திலும் பிற அறிஞர் சில ஆண்டுகளுக்குள் இதனை மீண்டும் சோதித்தபோது அத்தகைய பயன் காணப்படவில்லை. செடி வேறு, விளைந்த நிலம் வேறு, பறித்த பருவம் வேறு என்று சமாதானம் கூறப்பட்டது. மேலே கூறிய பெயர்க்குழப்பத்தை நோக்க, அச்சமாதானத்தை முற்றும் தள்ளுவதற்கில்லை. எனினும் இன்ன செடி, இன்ன அளவு என்று எவரும் நிலைநாட்டவில்லை. பல சோதனைகளையும் ஒருங்கே நிறுத்துப்பார்த்த காக்ரேன் குழுவினர், பி வகை நோய்க்கு இது பயன்தரும் என்று கூறப் போதிய சான்றில்லை என 2011-இல் முடிவு கூறினர். 1988ஆம் ஆண்டின் கணக்கை மட்டும் விளம்பரத்திற் காட்டி, பின்வந்த கணக்குகளை மறைப்பது வியாபாரமேயன்றி வைத்தியமன்று என்பது நம் கருத்து.

மூலிகை ஈரலுக்கு நன்மையே செய்யும், தீமை செய்யாது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. கொரோனா நோய் பரவிய 2020ஆம் ஆண்டின் இறுதியில், உடல் வலிமைக்காகச் சீந்தில் உண்டுவந்த ஆறு பேருக்கு ஈரல் வீக்கம் கண்டதை மும்பை வைத்தியர் 2021-இல் வெளியிட்டனர். அது சீந்திலன்று, அதனை ஒத்த வேறு கொடியாயிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகத்தார் மறுத்தனர். எப்படியாயினும், உண்டவர் ஈரல் கெட்டது மெய்.

பி வகைக் கிருமி பிறக்கும்போதே தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுமாயின், அச்சேய் வாழ்நாளெல்லாம் அதனைச் சுமத்தல் பத்தில் ஒன்பது பங்கு நிகழக்கூடியது. மஞ்சள் நிறமோ நோவோ இன்றி அது ஈரலில் உறைந்து, நடுவயதில் ஈரற்சுருக்கமாகவோ புற்றாகவோ வெளிப்படும். அத்தகையவர்க்குக் காமாலையே தோன்றாமையின் கீழாநெல்லி அரைப்பாரும் இலர். இரத்தச் சோதனை ஒன்றே காட்டும். கண்டறிந்தால் கிருமியை அடக்கிவைக்கும் மாத்திரைகள் உண்டு. இந்திய அரசாங்கத்தார் 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011-இல் நாடெங்கும் விரித்த தடுப்பூசித் திட்டத்தில், பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு இடும் பி வகைத் தடுப்பூசியும் அடங்கும். நம் ஊர்களில் வீட்டிலேயே பேறு நடக்குமிடத்து இவ்வூசி தவறிவிடுகின்றது. கருவுற்ற மாதர்க்கு இ வகைக் காமாலை உயிருக்கே இடராவது பெரிதும் உண்டு. தில்லியிலும் இறந்தோருள் அவர் தொகை மிகுதி. கர்ப்பிணியின் கண் மஞ்சளித்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மோரும் பத்தியமும் அதற்குப் பின்.