அக்கானி

அக்கானி என்பது பனம்பாளையைச் சீவி இறக்கும் இனிப்பு நீருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வழங்கும் பெயர். பிற ஊர்களில் பதநீர் என்றும், கொங்குநாட்டில் தெளுவு என்றும் சொல்வர். ஏறத்தாழ மாசி முதல் ஆனி வரை இது கிடைக்கும். நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை நடக்கும் நாட்களில்தான் பனங்காடுகளில் பாளை சீவும் வேலை சூடு பிடிக்கும்.

ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் அக்கானி உண்டு. பனையேறி காலில் தளைநார் மாட்டி ஏறி, பாளையைக் கடிப்பால் நெரித்து, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்க வைத்து, அதே நீரைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு கூடினாலும் குடிக்க முடியாது, நாக்கு வெந்துபோகும். அந்த அளவு பனையேறியின் கைக்கணக்கு.

தென்திருவிதாங்கூரில் அக்கானி ஏழைகளின் காலை உணவாக இருந்தது. குடித்தது போக மீதியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி, மழைமாதங்களுக்கு வைத்துக்கொண்டனர். அரசு இந்த உழைப்பையும் விட்டுவைக்கவில்லை. ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம் என்று வரி வாங்கியது. ஒரு முழ நாருக்கு வரி போட்ட அரசுகள் அதிகம் இருந்திருக்காது. லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் பனையேற்றத் தொழிலையும் பதிவு செய்துள்ளார்.

தாகத்துக்கு அக்கானி போதுமா என்பது தனிக் கேள்வி. அதில் பெரும்பகுதி நீர்தான், பொட்டாசியமும் உண்டு. ஆனால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 120 முதல் 140 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் வாய்வழி நீரேற்றக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும்தான். சர்க்கரை மிகுந்தால் குடல் நீரை உறிஞ்சுவது தாமதமாகும். ஆகவே அக்கானியைக் களைப்பு தீர்க்கும் உணவு என்று சொல்வதே பொருத்தம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு அதைக் கொடுப்பது தவறு. நீரிழிவு உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். வியர்வையில் போன உப்பை ஈடுசெய்தது பழஞ்சி. முந்தின நாள் சோற்றில் ஊறிய நீரும், கல்லுப்பும், காந்தாரி மிளகும் சேர்ந்த இந்த உணவை வயலில் இறங்கியவரும் பனையில் ஏறியவரும் ஒரே மாதிரி உண்டனர்.

1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுமலர்ச்சி மையம் கிராமக் கைத்தொழில்களுக்கு வழிகாட்டியது. மார்த்தாண்டம் கருப்பட்டிக்கு இன்றும் தனிப்பெயர் உண்டு. ஆனால் பனை குறைந்தது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ரப்பர் பரவியது. செங்கல் சூளைகளுக்கும் மரங்கள் போயின. அதைவிடப் பெரிய இழப்பு ஏறுகிறவர்களின் குறைவு. ஆபத்தான இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பனையேறிகளே விரும்பவில்லை, அதைக் குறைசொல்லவும் முடியாது.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நிற்கும் மரத்துக்கு இது காவல். புதிதாக ஊன்றிய விதை வளர்ந்து பாளை விட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். கோடையில் சாலையோரம் பனையோலைப் பட்டையில் விற்கும் அக்கானியில் சாக்கரின் கலப்பதும் நடக்கிறது. காலையில் மரத்தடியிலேயே வாங்குவதுதான் நம்பிக்கையானது.