ஒரு விளம்பரத்தின் விலை

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், உரோமைப் புனித பேதுரு பேராலய வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். தமிழ்க் கத்தோலிக்கராகிய நம் கண்கள் அன்று ஒரே உருவத்தின்மீது நிலைத்து நின்றதில் வியப்பில்லை. நட்டாலத்தில் பிறந்து, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் நம் மண்ணின் மறைசாட்சி. அதே திருப்பலியில் அவரோடு புனிதர் வரிசையில் சேர்க்கப்பட்ட இன்னொரு மறைசாட்சியின் பெயர் நம்மிடையே அவ்வளவாகப் பரவவில்லை. நெதர்லாந்து நாட்டுக் கார்மேல் சபைத் துறவி தீத்துஸ் பிரான்ட்ஸ்மா என்பவரே அவர்.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தேவசகாயத்திடம் கேட்கப்பட்டது வெளிப்படையானது: ஏற்றுக்கொண்ட மறையைக் கைவிடு என்றார்கள். பிரான்ட்ஸ்மாவிடம் கிறிஸ்துவை மறுதலிக்கும்படி எவரும் கேட்கவில்லை. செய்தித்தாளில் ஒரு கட்சியின் விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு அச்சிடலாமா, கூடாதா என்பதே அங்கு எழுந்த கேள்வி. கூடாது என்றார், அதற்காகவே சிறைப்பட்டு, டாக்காவ் வதைமுகாமில் உயிர் துறந்தார். நம் விசுவாசம் எந்த வாசலில் சோதிக்கப்படும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இவருடைய வரலாறு அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது.

1881 பிப்ரவரி 23ஆம் நாள் ஃபிரீஸ்லாந்து மாநிலத்தில், பால் பண்ணை நடத்திய உழவர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் ஐவரை இறைபணிக்கு அளித்த குடும்பம் அது. 1898இல் கார்மேல் சபையில் சேர்ந்தபோது அன்னோ என்ற இயற்பெயரை விடுத்து, தம் தந்தையின் பெயரான தீத்துஸ் என்பதை ஏற்றார். 1905இல் குருப்பட்டம், 1909இல் உரோமையில் மெய்யியலில் முனைவர் பட்டம். 1923இல் நைமேகன் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பேராசிரியர்களுள் ஒருவரானார். 1932இல் ஓராண்டுக் காலத்திற்கு அதன் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். உடல் மெலிந்தவர், அடிக்கடி நோயுறுபவர். இடைக்கால ஞானிகளின் கையெழுத்துச் சுவடிகளில் மூழ்கிக் கிடந்த இந்த அறிஞர், செய்தித்தாளையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆன்ம தியானம் வேறு, அச்சு மை வேறு என்று அவர் கருதியதில்லை. 1935இல் நாட்டின் கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களுக்குத் திருச்சபையின் ஆன்ம ஆலோசகராக அமர்த்தப்பட்டார்.

அந்நாளைய நெதர்லாந்துக் கத்தோலிக்கரின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். புரோட்டஸ்டன்டு ஆட்சியில் நெடுங்காலம் ஒடுங்கியிருந்த அவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமக்கெனத் தனி உலகம் ஒன்றையே கட்டியெழுப்பியிருந்தார்கள். தனிப் பள்ளிகள், தனித் தொழிற்சங்கம், தனி அரசியல் கட்சி, 1925 முதல் தனி வானொலி, பல நகரங்களில் தனி நாளிதழ்கள். பிறந்தது முதல் இறப்பது வரை ஒரு கத்தோலிக்கர் கத்தோலிக்க மதிலுக்குள்ளேயே வாழ்ந்துவிடலாம். மதில் உறுதியாய் இருக்கும் வரை உள்ளிருப்பவரின் உறுதியை யாரும் அளந்து பார்ப்பதில்லை. (அந்த மதில் பின்னாளில் என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடலாம். 1919இல் கத்தோலிக்கத் தொழிலாளரின் இதழாகத் தொடங்கிய ‘தெ ஃபோல்க்ஸ்கிராந்த்’ நாளேடு, 1965இல் தன் முகப்பிலிருந்து கத்தோலிக்கம் என்ற சொல்லையே நீக்கிக்கொண்டது. நைமேகன் பல்கலைக்கழகம் கத்தோலிக்கம் என்ற பெயரைத் தாங்கும் உரிமையை ஆயர்கள் 2020இல் திரும்பப் பெற்றார்கள்.)

1940 மே 10ஆம் நாள் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. நாஜிகளுக்குத் துணைநின்ற உள்நாட்டுக் கட்சி ஒன்று ஏற்கெனவே இருந்தது. தேசிய சோசலிச இயக்கம் என்று தன்னை அழைத்துக்கொண்டது. அதற்குத் துணைபோகும் கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்படும் என்று ஆயர்கள் 1941 ஜனவரியில் மடல் எழுதினார்கள். அதே ஆண்டில் யூதக் குழந்தைகளைப் பள்ளிகளிலிருந்து விலக்க ஆணை பிறந்தபோது, கத்தோலிக்கப் பள்ளிகள் அதற்குப் பணியாதிருக்க உழைத்தவர்களில் பிரான்ட்ஸ்மா முன்னின்றார். இறுதியில் 1941 டிசம்பரில் நாளிதழ்களுக்கு ஓர் ஆணை வந்தது: மேற்படி இயக்கத்தின் விளம்பரங்களைக் கொள்கை காட்டி மறுக்கக் கூடாது.

அந்தப் பத்திரிகை அலுவலகங்களில் அன்று எழுந்திருக்கக்கூடிய வாதங்களை நாம் எளிதில் ஊகித்துவிடலாம். விளம்பரம் என்பது நம் கருத்து அன்று. காசு கொடுத்தவனுடைய கருத்து. அது கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும். முதல் பக்கம் நம்முடையதாகவே இருக்குமே. மறுத்தால் இதழ் மூடப்படும். அச்சுக் கோப்பவரும் அவர் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். கத்தோலிக்க இதழே இல்லாத ஊரில் மக்கள் நாஜி இதழைத்தானே வாங்கிப் படிப்பார்கள்? இந்த வாதங்களில் எதுவும் அறிவற்றதன்று. கோழைகள் மட்டுமே இப்படிப் பேசுவார்கள் என்றும் நாம் சொல்லிவிட முடியாது.

பிரான்ட்ஸ்மா பேராயர் யான் தெ யோங்கைக் கலந்து, அவருடைய ஒப்புதலோடு டிசம்பர் 31ஆம் நாளிட்ட சுற்றுமடல் ஒன்றை எழுதினார். தண்டம் விதித்தாலும், இதழை நிறுத்தினாலும், அத்தகைய விளம்பரத்தை மறுப்பதன்றி வேறு வழி இல்லை. இதற்குமேல் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பதே அதன் சாரம். மடலை அஞ்சலில் அனுப்பிவிட்டு அமைதியாய் இருந்திருக்கலாம். அறுபது வயதான அந்த நோயாளி, ஜனவரிக் குளிரில் புகைவண்டி ஏறி, ஊர் ஊராகச் சென்று, ஆசிரியர்களைத் தனித்தனியே சந்தித்தார். இந்தப் பயணத்தை அந்த மடலைவிடப் பெரியதாகவே நாம் மதிக்கிறோம். இழக்கப்போவது அவர்களுடைய பிழைப்பு. ஆகவே அதை முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர்கள் அச்சத்தை அமர்ந்து கேட்க வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல். அன்று அச்சு இயந்திரம் வைத்திருந்தவர் சிலர். அவர்களுக்கு மட்டுமே அந்தச் சோதனை வந்தது. இன்றோ ஒவ்வொரு குடும்பத்திலும் சட்டைப்பையில் ஓர் அச்சகம் இருக்கிறது. பங்கின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் இறைவார்த்தை வருகிறது. நண்பகலில் அன்பியக் கூட்ட அறிவிப்பு. மாலையில், எவர் எழுதியது என்று தெரியாத, அடுத்த தெருவில் வாழும் வேற்றுச் சமயத்தவரையோ வேற்றுச் சாதியினரையோ இழிவுசெய்யும் ஒரு செய்தி. அனுப்பியவர் நல்லவர்தான்; ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குபவர். கேட்டால், “நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்” என்பார். தேர்தல் காலங்களில் இது பெருகுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். கடைசிப் பக்கத்து மூலையில் விளம்பரம் போடலாம் என்ற பழைய வாதம்தான் இது. நெருக்கும் ஆணையோ, மூடப்படும் இதழோ, தெருவில் நிற்கும் பிள்ளைகளோ இல்லாமலே நாம் அதைச் சொல்கிறோம். அந்த ஆசிரியர்களுக்காவது அச்சம் என்ற காரணம் இருந்தது.

1942 ஜனவரி 19ஆம் நாள் பிரான்ட்ஸ்மா கைதானார். ஸ்கெவனிங்கன் சிறையில் விசாரணை அதிகாரி அவரிடம், நெதர்லாந்து மக்கள், சிறப்பாகக் கத்தோலிக்கர், அந்த இயக்கத்தை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னார். அவர் எதையும் மழுப்பாமல் எழுதினார். எழுதி முடிக்கையில் நெதர்லாந்தை மட்டுமன்று, ஜெர்மனியையும் இறைவன் காக்க வேண்டும் என்று வேண்டி, இரு மக்களும் மீண்டும் அமைதியில் ஒருங்கே நடக்க வேண்டும் என்று முடித்தார். தம்மைச் சிறையிலிட்டவர்கள் படிக்கப்போகும் ஏட்டில் எழுதியது இது. தனியறையில் அவர் தளர்ந்துவிடவில்லை. அவிலா தெரேசாவின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். வெள்ளைத் தாள் தீர்ந்தபோது அச்சிட்ட நூல் ஒன்றின் வரிகளுக்கிடையே எழுதினார். பின்னர் அமர்ஸ்ஃபோர்ட் முகாம். அங்கே அவ்வாண்டுப் பெரிய வெள்ளியன்று உடன்கைதிகளுக்கு ஆண்டவரின் பாடுகள் பற்றி உரையாற்றினார். ஜூன் 19ஆம் நாள் டாக்காவ் வந்து சேர்ந்தார். 2,500க்கு மேற்பட்ட கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் அடைபட்ட முகாம் அது. ஆயிரத்திற்கு மேற்பட்டோர் அங்கே மடிந்தார்கள். வந்து ஆறு வாரம் நிறைவதற்குள், ஜூலை 26ஆம் நாள், முகாம் மருத்துவமனையில் நச்சு ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே நாளில் நெதர்லாந்தின் கத்தோலிக்க ஆலயங்களில், யூதரை நாடுகடத்துவதைக் கண்டித்து ஆயர்கள் எழுதிய மடல் வாசிக்கப்பட்டது. திருச்சபைகள் கூட்டாக அனுப்பிய கண்டனத் தந்தியும் அதில் அடங்கியிருந்தது. தந்தியை வெளியிடாமல் இருந்தால் கிறிஸ்தவராகிவிட்ட யூதர்களை விட்டுவிடுவதாக ஜெர்மானியர் இசைவு காட்டியிருந்தார்கள். ஆயர்கள் அதற்கு இணங்கவில்லை. பழிவாங்கல் உடனே வந்தது. ஆகஸ்டு 2ஆம் நாள் கத்தோலிக்க யூதர்கள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். அவர்களில் கார்மேல் சபைக் கன்னியர் எடித் ஸ்டெய்னும் அவருடைய தமக்கை ரோசாவும் இருந்தார்கள். ஆகஸ்டு 9ஆம் நாள் ஆஷ்விட்ஸில் இருவரும் கொல்லப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

அப்படியானால் பேசியது சரியா? இந்தக் கேள்வியை நாம் தாண்டிச் சென்றுவிட முடியாது. ஆயர்கள் வாய்மூடி இருந்திருந்தால் எடித் ஸ்டெய்ன் பிழைத்திருப்பார் என்று சொல்வோர் உண்டு. சில நாள்களோ சில மாதங்களோ பிழைத்திருக்கலாம். ஆனால் அந்த நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட யூதர்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுக்காக எவர் பேசுவது? தம் மறையைச் சேர்ந்தவரைக் காக்க மற்றவரைக் கைவிடும் பேரத்தை ஆயர்கள் மறுத்தார்கள் என்பதே நம் பார்வையில் அந்த மடலின் மேன்மை. எனினும் அதன் விலையை மடல் எழுதியவர்கள் மட்டும் செலுத்தவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. பேராயர் தெ யோங் கைதாகவில்லை. ரோசா ஸ்டெய்ன் கைதானார். விளம்பரம் பற்றிய சுற்றுமடலில் நிலை வேறு. அதைச் சுமந்துசென்றவரே விலையையும் செலுத்தினார்.

டாக்காவில் அவருக்கு ஊசி போட்ட செவிலிப் பெண் பின்னாளில் புனிதர் பட்டத்திற்கான விசாரணையில் சாட்சி சொன்னார். அவருடைய பெயர் வெளியிடப்படவில்லை. கத்தோலிக்கராகப் பிறந்து, மறையை வெறுத்து விலகியவர் அவர். நோயாளியான அந்தத் துறவி தம்மிடம் பரிவோடு பேசியதாகவும், தம் செபமாலையைத் தமக்கே கொடுத்ததாகவும் சொன்னார். தமக்குச் செபிக்கத் தெரியாது என்று அவர் மறுத்தபோது, மங்கள வார்த்தைச் செபம் முழுவதும் வேண்டாம், பாவிகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் சொன்னால் போதும் என்றாராம் பிரான்ட்ஸ்மா. அப்பெண் பின்னாளில் திருச்சபைக்குத் திரும்பினார்.