கடாரம் கொண்டவனின் ஓட்டு வீடு

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலைச் சுற்றிவிட்டு, பெரிய நந்தியின் முன் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டரில் மாளிகைமேடு. போய்ப் பார்த்தால் செங்கல் சுவர்களின் அடிப்பகுதிதான் கண்ணில் படும். முதலாம் ராசேந்திர சோழன் குடியிருந்த அரண்மனையில் மிஞ்சியது அவ்வளவே.

ஒரே அரசன் கட்டியவைதான் இரண்டும். கோயில் நிற்கிறது, வீடு எங்கே போயிற்று?

விடை கட்டுமானத்தில் இருக்கிறது. இறைவனுக்குக் கருங்கல், மனிதர் குடியிருக்கச் செங்கல், மரம், ஓடு. சக்கரவர்த்தியும் இந்த வழக்கத்துக்கு விலக்கல்ல. 1980-81இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழத் தொடங்கியபோது 1.10 மீட்டர் தடிமனுள்ள சுவர்கள் வெளிப்பட்டன. கருங்கல் தூண் அடித்தளங்கள் கிடைத்தன. தூண் ஒன்றுகூட இல்லை. அவை மரத்தூண்களாக இருந்திருக்க வேண்டும். கூடவே தட்டையான சிறு கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் ஏராளம். கப்பற்படை அனுப்பிக் கடாரம் வென்றவன் படுத்துறங்கியது ஓட்டு வீட்டில்தான்! முகம் சுளிக்க வேண்டாம். நம் வெயிலுக்கு தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் தரும் குளிர்ச்சியைக் கருங்கல் தராது.

கல்வெட்டுகள் இங்கிருந்த ஓர் அரண்மனையைச் ‘சோழகேரளன் திருமாளிகை’ என்கின்றன. அகழ்வில் சீனப் பீங்கான் துண்டுகளும் வந்தன. அதில் வியப்பில்லை: 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழநாட்டுத் தூதர்கள் சீன அரசவைக்குப் போயிருக்கிறார்கள்.

ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியர் கை ஓங்கியதும் ஒடுங்கியது. ஆளில்லாத வீட்டில் மரம் மக்கியது, ஓடு சரிந்தது. செங்கல்லோ சுற்றுவட்டாரத்தாருக்குத் தோண்டி எடுக்கும் சரக்காயிற்று. அவர்களை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டிய ஆங்கிலேய அரசே கோயில் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்துக்கொண்டது.

சுவர்கள் போனாலும் ஊர்ப்பெயர்களை யாரும் பெயர்க்கவில்லை. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி எல்லாம் இன்றும் பக்கத்துச் சிற்றூர்கள். கோட்டைக்குள் எது எங்கே இருந்தது என்று ஊகிக்க அவையும் உதவுகின்றன. 2021இல் மாளிகைமேட்டில் அகழ்வு மறுபடி தொடங்கியது. செங்கல் சுவர்களின் தொடர்ச்சி மேலும் வெளிப்பட்டது.

அடுத்த வாரம் பெரம்பலூர்ப் பக்கம் போவோம். 1751இல் வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதைப் பார்த்த ரஞ்சன்குடிக் கோட்டை காத்திருக்கிறது.