சீனத்துச் சிவாலயச் சாசனம்

திருக்கோயில் ஒன்று அழிந்தொழியினும் அதன் கற்கள் எளிதில் அழிவனவல்ல. அவை பிற கட்டிடங்களிற் புகுந்து, தம்மை அறிவார் வருமளவும் வாய்திறவாது கிடக்கும். சீனதேயத்தின் தென்கீழைக் கடற்கரையிலுள்ள சுவான்சௌ நகரம் இவ்வுண்மைக்கு ஒரு சான்றாகும்.

அந்நகரத்துக் கையுவான் பௌத்தப் பள்ளியின் பெருமண்டபத்துப் பின்புறத்தே பதினாறு பட்டையுடைய தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவற்றிலுள்ள சிற்பங்கள் நம் புராணக் கதைகளைக் காட்டுவன. யானை சிவலிங்கத்தைப் பூசிக்கும் சிற்பமொன்றும் அந்நகரத்துக் கிடைத்துளது. காண்பார்க்குத் திருவானைக்கா நினைவிற்கு வாராமற் போகாது. இவையெல்லாம் எக்கோயிலைச் சார்ந்தவை, அதனை எடுப்பித்தோர் யாவர் என்னும் வினாக்களுக்குச் சிற்பங்கள் மட்டும் விடை தரமாட்டா.

1956ஆம் ஆண்டில் அந்நகரத்தே கிடைத்த ஒரு கல் அவ்விடையைத் தந்தது. அதிலுள்ள சாசனம் தமிழில் அமைந்தது. இறுதியிற் சீன எழுத்து வரி ஒன்றும் உண்டு. சகம் 1203, அஃதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களிற் சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள், செகசைகான் என்னும் அரசனது ஆணையின்படி, அவன் திருமேனி நலமுறும் பொருட்டு, இறைவனை எழுந்தருளுவித்தார் என்பது அதன் கருத்து.

எழுத்துத் தமிழேயாயினும் பொருள் காண்டல் எளிதாயிற்றில்லை. செகசைகான் என்பான் யாவன்? ஒலியொப்புமை கருதிச் செங்கிசுகானின் மகன் சகதை என்பாரும் உளர். ஆயின் அச்சகதை 1281க்கு ஏறக்குறைய நாற்பதாண்டு முன்னரே இறந்துபட்டான். இறந்தான் ஒருவனது உடல்நலம் வேண்டி இறைவனை எழுந்தருளுவித்தல் பொருந்தாது. அக்காலத்துச் சீனத்தை ஆண்டவன் குப்லாய்கான். அவனுக்குச் ‘செச்சென்கான்’ என்னும் சிறப்புப் பெயரும் உண்டு. ஆதலின் அவனையே இச்சாசனம் குறித்ததாகக் கோடல் தகும். ஒலி மயக்கிய இடத்து ஆண்டுக்கணக்கு வழிகாட்டிற்று.

இறைவன் பெயரிலும் ஐயம் எழுந்தது. சாசனத்தைப் படித்தோருள் தி. நா. சுப்பிரமணியம் ‘திருக்கதலீச்சரம்’ என்றாற்போலும் பாடங் கொண்டனர். ‘திருக்கானீச்சுரம்’ எனப் படித்தாரும் உளர். சில எழுத்துக்களே வேறுபாடு. பொருளோ பெரிதும் வேறாகின்றது. பின்னைய பாடம் கொள்ளின் ‘கான்’ என்னும் அரசன் பெயரால் அமைந்த ஈச்சுரம் என்றாகும். இராசராசேச்சுரம், கங்கைகொண்ட சோளேச்சுரம் என மன்னர் பெயரால் திருக்கோயில்களை வழங்குதல் தமிழ்நாட்டு மரபே. அரசன் நலம் வேண்டிய சாசனத்திற்கு அப்பாடம் மிக இயைவதென்பது எம் கருத்து.

ஈண்டு அன்பர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. சோழர் ஆட்சியின் கடைசி ஆண்டாகக் கொள்ளப்படுவது 1279. அதற்கு இரண்டாண்டின் பின்னரன்றோ இக்கல் பொறிக்கப்பட்டது! தம்மைப் புரந்த முடி வீழ்ந்த பின்னரும், மொழியும் சமயமும் வேறான வேந்தன் நிழலிற் சிவபெருமானை எழுந்தருளுவித்தார் ஓர் அடியார். அவர் தாங்கிய பெயர் ஆளுடைய பிள்ளையாரை நினைவூட்டுவது. நாடு கடந்தும் அரசு மாறியும் நிலைபெற்றது சிவநேயம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுங்கொல்?

இவ்வளவும் ஒரு கல் பிழைத்தமையால் நாம் அறிந்தவை. பிழையாதன எத்தனையோ! சீனத்துக் கோயிலின் கற்கள் பிறர் கட்டிடத்திற் புகுந்தன. நம் நாட்டிலோ திருப்பணி என்னும் பெயராலேயே எழுத்துடைக் கற்கள் செதுக்கப்படுதலும், புரட்டிப் பதிக்கப்படுதலும் நிகழ்ந்துள்ளன. இது நம் முன்னோர் நெறியன்று. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்க ஆணையிட்ட முதல் இராசராசன், ஆங்குள்ள கல்வெட்டுக்களைப் புத்தகத்தில் எழுதிவைக்கவும் பணித்தான். அவை அவன் மகன் இராசேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் கல்லிற் பொறிக்கப்பட்டன.

ஆகலின், திருப்பணி தொடங்கும் அன்பர்கள் உளியெடுக்குமுன் கல்லிலுள்ள எழுத்தைப் படியெடுப்பித்தல் கடனாம். அஃதும் சிவபுண்ணியமே. கல்லில் எழுதினார் செய்தது ஒரு தொண்டு. அதனைக் காத்துப் படித்தல் நம் தொண்டு.

திருச்சிற்றம்பலம்.