சிறுநீர் வடிகுழாய்: முதியோருக்கு நேரும் சிக்கல்கள்

நீரடைப்பு ஏற்பட்டவரின் சிறுநீர்த்தாரை வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்படும் மென்குழாய் சிறுநீர் வடிகுழாய். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த ஊர். அங்கு புரோஸ்டேட் சுரப்பி பருத்த முதியவருக்குக் குளிரில் சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை இறுகுவதும், சளிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளும் சேர்ந்து திடீர் அடைப்பை உண்டாக்கக்கூடும். அந்த வேளையில் குழாய் உயிர்காக்கும் கருவி. ஆயினும் இதன் சிக்கல்களுள் பெரும்பாலானவை அதைப் போடுவதால் அல்ல, தேவை தீர்ந்தபின்னும் எடுக்காமல் விடுவதாலேயே விளைகின்றன.

குழாயின் பழைய வரலாறு வளமானது. குறியின் வாய் சுருங்கி நீர் தடைபட்டவருக்கு இரும்பு, மரம் அல்லது அரக்காலான, இருமுனையும் திறந்த குழாயை நெய் தடவிச் செலுத்தவும், மூன்று நாளுக்கொருமுறை சற்றுப் பருத்த குழாயாக மாற்றவும் சுச்ருத சம்ஹிதை சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கருவிக் கலைஞர் ஷாரியேர் வகுத்த அளவே இன்றும் குழாயின் உறைமேல் அச்சாகிறது. அதில் ஓர் அலகு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 16 என்றால் விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பின்னர் நெலாட்டன் ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்தார். இவை எவையும் தாமாக உள்ளே நிற்பவை அல்ல. 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி நுனியருகே பலூன் வைத்த பின்னரே குழாய் நாள்கணக்கில் எளிதாக உள்ளே தங்கலாயிற்று. இன்றைய சிக்கல்களின் வேரும் அந்தப் பலூனில்தான் இருக்கிறது.

சிறுநீர் வருமுன்பே பலூனை ஊதினால் தாரை கிழிந்து இரத்தம் கொட்டும். பின்தள்ளிய முன்தோலை மறுபடி இழுத்துவிடாவிட்டால் அது இறுகி வீங்கும். கவனமான கைகள் இவ்விரண்டையும் தவிர்த்துவிடும். நாள்பட்ட தொற்றை அப்படித் தவிர்க்க இயலாது: ஒவ்வொரு நாளும் சுமார் 3 முதல் 7 விழுக்காட்டினர் புதிதாகச் சிறுநீரில் கிருமி பெறுகின்றனர், ஒரு மாதத்தில் ஏறத்தாழ எல்லோரும். சில கிருமிகள் உப்புப் படிவை உண்டாக்கிக் குழாயையே அடைத்துவிடும். மனக்குழப்பமுள்ள முதியவர் ஊதிய பலூனோடு குழாயைப் பிடுங்கிக் காயப்படுவதும் உண்டு. காய்ச்சல், நடுக்கம், வலி எதுவுமின்றிப் பரிசோதனைத் தாளில் கிருமி தெரிவது மட்டும் பொதுவாக மருந்துக்குக் காரணமாகாது.

படுக்கையிலிருப்பவருக்கு அடிக்கடி துணி மாற்ற வீட்டில் ஆளில்லை, குழாய் இருந்தால் அவருக்கும் நிம்மதி என்பார்கள். ஆற்றமுடியாத அடைப்பு, இடுப்புப் படுக்கைப்புண், இறுதிக்காலம் ஆகியவற்றுக்கு அது சரி. வெறும் நனைவுக்கு டயப்பரும் ஆண்களுக்கான வெளியுறையும் போதும். அவற்றால் தோல் புண்ணாகலாம், ஆனால் கிருமிக்கு உள்வழி திறப்பதில்லை. கொடைக்கானலின் மேல்மலைச் சிற்றூர்களான மன்னவனூருக்கோ கூக்காலுக்கோ திரும்புபவர் மறுபடி வருவது கடினம், ஆகவே குழாய் இருக்கட்டும் என்பதும் நியாயம்போலத் தோன்றும். தூரம் மிகுந்தவருக்கே எடுக்கும் நாளை முன்கூட்டிக் குறிக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து பெறும் முடிவு. டாம்சுலோசின் போன்ற மாத்திரையைத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் குழாயை எடுத்துப் பார்த்தால் பலருக்குச் சிறுநீர் தானே பிரிகிறது. வீடு திரும்புமுன்பே இதைச் செய்துவிடலாம். நீண்டநாள் தேவைப்படுவோருக்கு, சில வாரங்களில் மாற்றவேண்டிய லேடெக்ஸைவிட 12 வாரம் வரை வைக்கத்தக்க சிலிக்கோன் குழாய் மலைக்கு ஏற்றது.

குழாயோடு வீடு திரும்புபவர் கேட்டுப்பார்க்கத்தக்க வழி ஒன்றுண்டு: 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் அடங்கும்.