நந்தா தேவி

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்துப் பனிச்சிகரம். உயரம் 7,816 மீ. (7,817 என்போரும் உண்டு). முழுவதும் இந்திய எல்லைக்குள் அமைந்த மலைகளுள் இதுவே உயரமானது. சுமார் 2 கி.மீ. நீளும் கூர்முகடு இதை நந்தா தேவி கிழக்குடன் (7,434 மீ.) இணைக்கிறது. வளைந்து நிற்கும் மலைமதிலுக்குள் உருகும் பனியாறுகள், ரிஷிகங்கையாக மேற்கிலுள்ள ஒரே இடுக்கு வழியே வெளியேறுகின்றன.

கார்வால், குமாவூன் மக்களுக்கு இம்மலையின் தெய்வமான நந்தா பிறந்தகம் வந்த மகள். ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை, ராஜ ஜாத் யாத்திரையில், அவளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்புகிறார்கள்.

1883இல் மலையேறி கிரஹாம் இந்த இடுக்கு வழியே முயன்று திரும்பினார். 1905இல் மற்றொரு மலையேறி லாங்ஸ்டாஃப் கிழக்கு முகட்டில் ஏறி உட்புறத்தைப் பார்த்தார், இறங்கவில்லை.

1934இல் மலையேறிகள் ஷிப்டனும் டில்மனும், ஆங் தார்க்கே, பசங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களுடன், சிக்கனமான மூட்டைகளோடு இடுக்கைக் கடந்து உள்ளே சென்றனர். உச்சிக்கு முயலாமல் பனியாறுகளை அளந்து திரும்பினர். 1936இல் பிரிட்டிஷ்-அமெரிக்கக் குழு தென்முகட்டில் ஏறியது. சுமையாட்கள் பாதியில் திரும்பினர்; ஷெர்பாக்கள் நோயில் விழுந்தனர்; ஏறுவோரே மூட்டை சுமந்தனர். கடைசி முகாமில் டப்பா இறைச்சி குழு உறுப்பினர் ஹூஸ்டனுக்கு ஒவ்வாமல் போக, அவருக்குப் பதிலாக டில்மன் ஏறினார். ஆகஸ்ட் 29 அன்று டில்மனும் குழுவின் ஓடெலும் உச்சியில் நின்று கைகுலுக்கிக்கொண்டனர். அதையும் டில்மன் ஏதோ அத்துமீறல் போலவே பின்னர் எழுதினார். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும் வரை, மனிதர் ஏறிய மிக உயர்ந்த சிகரம் இதுவே.

கிழக்குச் சிகரத்தைப் போலந்துக் குழு 1939இல் ஏறியது. 1951இல் இரு சிகரங்களையும் இணைத்துக் கடக்கப் புறப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் டுப்ளா, விக்னே திரும்பவில்லை. முதன்மை உச்சியை அவர்கள் தொட்டார்களா என்பது தெரியவில்லை. அந்த முகட்டுப் பயணம் 1976இல் இந்திய-ஜப்பானியக் குழுவால் கைகூடியது.

சீன ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்க 1965இல் அமெரிக்க-இந்திய உளவுத் துறைகள் கொண்டுசென்ற புளூட்டோனிய மின்கலம், மோசமான வானிலையால் சரிவில் விடப்பட்டுத் தொலைந்தது. பனிச்சரிவு கொண்டுபோனது என்பது பரவலான கருத்து. முன்பே யாரோ எடுத்துவிட்டனர் என்ற பேச்சும் உண்டு.

1982இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது. அடுத்த ஆண்டே உட்புறம் ஏறுவோருக்கு மூடப்பட்டது. 1993இல் ராணுவக் குழு ஒன்று ஆய்வுக்கும் குப்பை அகற்றவும் அனுமதிக்கப்பட்டது.

உட்புறம் மூடப்பட்டதால், ஏறுவோர் பெரும்பாலும் கிழக்குச் சிகரத்தையே நாடுகின்றனர்: மிலம் பக்கமிருந்து லாங்ஸ்டாஃப் கணவாய் (சுமார் 5,900 மீ.), பின் தென்முகடு. முன்அனுமதி கட்டாயம். பனிச்சரிவு பேராபத்து, 2019இல் அருகிலுள்ள பெயரிடாத சிகரமொன்றில் 8 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் ரோண்டி சிகரத்துப் பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்கையில் பெருவெள்ளம் வந்தது. தொலைந்த மின்கலமே காரணமென ரேணி கிராமத்தில் சிலர் ஐயுற்றனர். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.