மேலமாசி வீதியில் எடுத்த முடிவு

நம் அவனியாபுரத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கினால், சற்று நடையில் மேலமாசி வீதி. அங்கே ஒரு வீட்டு மாடியில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் சட்டையையும் குல்லாயையும் களைந்து அரையாடைக்கு மாறினார். அந்நியத் துணியை விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னபோது, கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் தந்த பதில் அவரை உறுத்தியிருந்தது. முதலில் அக்டோபர் 31 வரை என்றே அறிவித்தார். அதுவே வாழ்நாள் பழக்கமானது. 1931-இல் பக்கிங்காம் அரண்மனைக்கும் அரையாடையிலேயே சென்றார்.

இதே மதுரைக்கு 1606-இல் வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தே நொபிலி, காவி உடுத்தி, புலால் நீக்கி, ஒருவேளை உணவோடு வாழ்ந்தார்.

இருவரும் தம் தேவையைக் குறைத்தது, மக்களை நெருங்குவதற்காக. நாமோ பீரோ நிறையத் துணி வைத்துக்கொண்டு, உடுத்த ஒன்றுமில்லை என்கிறோம். குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல.

எனவே ஒரே ஒரு மாதம் முயல்வோம். புதியது வாங்குமுன், இருப்பதை எண்ணிப் பார்ப்போம். உடுத்தாத நல்ல துணியை, அது தேவைப்படுபவர் கையில் சேர்ப்போம். மாதம் முடிந்தபின்னும் பழக்கம் நம்மை விடாதிருக்கட்டும்.